ஸ்பின்னர் கட்டப் போகிறீர்களா? எந்த பிளேடுக்கு எவ்வளவு எடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போன மாதம் ஏரிக்கரையில் என் பக்கத்தில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் தன் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஐந்து அளவில் பித்தளை பிளேடுகள், ஈயக்குண்டுகள், மணிகள், ஒரு சுருள் கம்பி, மூன்று முள் கொக்கிகள். எல்லாம் வாங்கியாகிவிட்டது, இன்னும் ஒன்றுகூடக் கட்டவில்லை. "அண்ணா, எந்த பிளேடுக்கு எத்தனை கிராம் போடணும்?" என்று கேட்டார். வீட்டிலேயே ஸ்பின்னர், அதாவது இழுக்கும்போது உலோகத் தகடு (பிளேடு) சுழலும் செயற்கை இரை, கட்ட ஆரம்பிக்கும் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான்.

நானும் அங்கேதான் நின்றேன். பெரிய பிளேடுக்குப் பெரிய மீன் வரும் என்று நினைத்து 4-ஆம் எண் பிளேடுக்குப் பின்னால் வெறும் 4 கிராம் ஈயம் போட்டுக் கட்டினேன். பத்துப் பதினைந்து வீச்சு போயிருக்கும், ரீலிலிருந்து தங்கூஸ் (தூண்டில் நரம்பு) ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது, பிளேடு மட்டும் சுழலாமல் கம்பி, குண்டு, கொக்கி எல்லாமே சேர்ந்து சுற்றியிருக்கிறது. எண்பது மீட்டர் நரம்பை வெட்டி எடுத்துவிட்டு வெறும் ரீலோடு வீட்டுக்கு வந்தேன். அந்த நரம்பின் விலைக்கு நாலு நல்ல ஸ்பின்னர் கட்டியிருக்கலாம்.

இங்கே பேசுவது ஒரே நேர்க்கம்பியில் கோக்கும் ஸ்பின்னரைப் பற்றி: முன்னால் சுழலும் பிளேடு, அதற்குப் பின்னால் எடை, கடைசியில் கொக்கி. 1938-இல் பிரான்ஸில் ஆந்த்ரே மெல்னார் என்ற பொறியாளர் மெப்ஸ் அக்லியா என்ற ஸ்பின்னரை உருவாக்கினார், இன்றைக்கும் நாம் கட்டுவது பெரும்பாலும் அதே வடிவம்தான். பிளேடுக்குப் பின்னால் கோக்கும் எடையை இனி குண்டு என்றே சொல்கிறேன்.

எதை வைத்துத் தேர்வது

முதல் விஷயம், மெதுவாக இழுத்தாலும் பிளேடு சுழல ஆரம்பிக்க வேண்டும். இது சரியில்லை என்றால் மற்றது எதுவும் சரியாக இருந்து பயனில்லை, ஏனென்றால் மீனைக் கூப்பிடுவது அந்த அதிர்வும் மின்னலும்தான்.

இரண்டாவது ஆழம். சுழலும் பிளேடு தண்ணீரைத் தள்ளி ஸ்பின்னரை மேலே தூக்கும், குண்டு கீழே இழுக்கும், இந்த இரண்டும் எங்கே சமமாகிறதோ அந்த ஆழத்தில்தான் அது வரும். நீங்கள் மூன்றடித் தண்ணீரில் வீசுகிறீர்களா, பதினைந்தடியிலா என்பதை வைத்தே மற்றதைப் பேச முடியும்.

மூன்றாவது, நரம்பில் ஏறும் முறுக்கு. எடையைக் கூட்டினால் முறுக்கு தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது பாதி உண்மைதான். பிளேடு சுழலும்போது உராய்வால் கம்பியையும் கூடவே திருப்பப் பார்க்கும். உருண்டையான குண்டு எத்தனை கிராம் இருந்தாலும் அச்சில் சுழல்வதற்குப் பெரிதாக மறுப்புச் சொல்லாது. உண்மையில் தடுப்பது கொக்கியும், கொக்கியில் கட்டும் சேவல் இறகும், கம்பியின் முன்முனையில் கொடுக்கும் சிறிய வளைவும்தான். அதனால் பெரிய பிளேடு போடுகிறவர்கள் குண்டைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இறகைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் பிளேடின் நுனி. பிளேடைப் பின்னால் மடக்கிப் பிடித்தால் அதன் நுனி கொக்கியின் காது அருகே முடிய வேண்டும். முட்களைத் தாண்டிப் போனால் மீன் கடிக்கும், ஆனால் முள் ஏறாது.

ராடில் எழுதியிருக்கும் எடை வரம்பும், தொலைந்தால் தாங்குகிற செலவும் கடைசி இரண்டு. 5 முதல் 20 கிராம் வரை என்று எழுதிய ராடில் 3 கிராம் ஸ்பின்னரை வீசினால் பத்தடி தள்ளித்தான் விழும்.

கணக்கு எளிதுதான்

நான் இத்தனை வருஷம் கட்டிக் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லலாம்: குண்டின் நீளத்தை பிளேடு தீர்மானிக்கும், எடையைத் தடிமனும் உலோகமும் தீர்மானிக்கும். பலர் எடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்காக மணிமேல் மணியாகக் கோத்துக் குண்டை நீட்டுகிறார்கள். பிளேடு எங்கோ முன்னால் சுழலும், கொக்கி எங்கோ பின்னால் தொங்கும்.

3-ஆம் எண் பிளேடின் நீளம் சுமார் 28 மி.மீ. முன்னால் ஒரு சிறிய மணி போக, குண்டுக்கு 22 மி.மீ. மிஞ்சும். அந்த 22 மி.மீ. நீளத்தில் 6 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் துண்டு சுமார் 5 கிராம் வரும். 7 மி.மீ. என்றால் 7 கிராம், 8 மி.மீ. என்றால் 9 கிராம். அதே 6 மி.மீ. தடிமனில் ஈயம் போட்டால் 7 கிராம். பார்த்தீர்களா, நீளம் மாறவே இல்லை, ஒரே பிளேடில் மூன்று எடை கிடைத்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மெப்ஸ் அக்லியாவில் 1-ஆம் எண் 3.5 கிராம், 3-ஆம் எண் 6.5 கிராம், 5-ஆம் எண் 13 கிராம். பிளேடின் நீளம் முறையே சுமார் 20, 28, 38 மி.மீ. நீளத்தை நீளத்தால் பெருக்கிப் பாருங்கள், 400, 784, 1444. ஒவ்வொரு படியிலும் பிளேடின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, எடையும் அப்படியே இரட்டிப்பாகிறது. ஆகவே உங்களிடம் எண் தெரியாத பிளேடு இருந்தாலும் ஸ்கேலால் அளந்து, இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும்.

| பிளேடு எண் | பிளேடு நீளம் (சுமார்) | குண்டின் நீளம் | குண்டின் எடை | கம்பித் தடிமன் |
|---|---|---|---|---|
| 1 | 20 மி.மீ. | 15 மி.மீ. | 1.5–3 கிராம் | 0.6 மி.மீ. |
| 2 | 24 மி.மீ. | 18 மி.மீ. | 3–5 கிராம் | 0.7 மி.மீ. |
| 3 | 28 மி.மீ. | 22 மி.மீ. | 5–9 கிராம் | 0.8 மி.மீ. |
| 4 | 33 மி.மீ. | 26 மி.மீ. | 7–11 கிராம் | 0.9 மி.மீ. |
| 5 | 38 மி.மீ. | 30 மி.மீ. | 10–14 கிராம் | 0.9–1 மி.மீ. |

இது நடுவில் குமிழ்போலப் புடைத்த பிரெஞ்சு வடிவ பிளேடுக்கான கணக்கு. வட்டமான கொலராடோ பிளேடிலும் ஒல்லியான வில்லோ பிளேடிலும் எண் வரிசையே வேறு, எண்ணைப் பார்க்காமல் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வாங்குங்கள்.

வழி 1: சின்ன பிளேடு, இலகுவான குண்டு

1-ஆம் எண் பிளேடு, 2 கிராம் குண்டு. வாய்க்காலில் ஜிலேபி, குரவை மாதிரி மீன்களுக்கு இதுதான் சரி. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட்டுக்கும் இந்த அளவே போதும். ஓடும் தண்ணீரில் குறுக்கே வீசினால் நீரோட்டமே பிளேடைச் சுழற்றிவிடும், நீங்கள் நரம்பைத் தளர விடாமல் இருந்தால் போதும். ஆனால் மேட்டுப் பக்கமாக வீசினால் ஸ்பின்னரும் தண்ணீரோடு சேர்ந்து வரும், அப்போது ரீலை வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

இதில் தெரியாமல் வரும் செலவு ராடும் நரம்பும்தான். இலகுவான ராடு இல்லாமல் இதை வீச முடியாது, கனமான தங்கூஸில் கட்டினாலும் போகாது. அதோடு ஒரு கிலோ விரால் வந்து அடித்தால் 0.6 மி.மீ. கம்பி வளைந்துவிடும், ஒரு முறை வளைந்த கம்பியை நிமிர்த்தினாலும் பிளேடு பழையபடி ஓடாது. விரால் இருக்கும் குளத்தில் இதை வீசாதீர்கள்.

வழி 2: 3-ஆம் எண் பிளேடு, 5 முதல் 7 கிராம்

ஒரே ஒரு அளவுதான் கட்டுவேன் என்றால் இதைக் கட்டுங்கள். ஏரி, குட்டை, ஆற்றின் தேங்கிய மடு எல்லாவற்றிலும் வேலை செய்யும். சாதாரண ராடும் 2500 அளவு ரீலும் இதற்குப் போதும். விரால் அடிக்கும், சின்ன வாளை அடிக்கும், முகத்துவாரத்தில் சின்னக் கொடுவாவும் அடிக்கும்.

5 கிராமா 7 கிராமா என்பது தண்ணீரைப் பொறுத்தது. நாலைந்து அடிக்குள் ஆழம், கொஞ்சம் பாசி என்றால் 5. காற்று எதிரே அடிக்கிறது, எட்டடிக்குமேல் ஆழம் என்றால் 7. இதே பிளேடில் 9 கிராம் வரைக்கும் போகலாம், ஆனால் அதற்குமேல் போனால் மெதுவாக இழுக்கும்போது வால்பக்கம் தொங்கி, பிளேடு குண்டில் தட்டித் தட்டி நிற்கும்.

குறை என்று பார்த்தால், மூன்று முள் கொக்கியோடு இதை ஆகாயத்தாமரைக்குள் வீசவே முடியாது. ஒற்றை முள் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் ஒற்றை முள் தண்ணீரைக் குறைவாகத்தான் எதிர்க்கும் என்பதால் முறுக்கு கூடும். அதைச் சரிக்கட்ட இறகைக் கொஞ்சம் தாராளமாகக் கட்டுங்கள்.

வழி 3: சின்ன பிளேடு, கனத்த குண்டு

2-ஆம் எண் பிளேடுக்கு மேலே அட்டவணையில் 5 கிராம் வரைதான் போட்டிருக்கிறேன். இங்கே அதை மீறி 8 கிராம், அதாவது 18 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. தடிமனுள்ள ஈயம். தெரிந்தே மீறுவது. எதற்கு? தூரத்துக்கும் ஆழத்துக்கும். கடல்காற்று அடிக்கும் முகத்துவாரத்தில், ஓதத்தின் இழுப்பு பலமாக இருக்கும்போது, மற்ற ஸ்பின்னரெல்லாம் மேலேயே மிதந்து வர இது மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு வரும். வேகமாக ஓடும் சின்ன மீனைத் துரத்துகிற மீன்களுக்கு அந்த வேகமும் பிடிக்கும்.

வேகமாக இழுத்தால்தான் பிளேடு சுழலும் என்பதை மறக்கக் கூடாது. நிறுத்தி நிறுத்தி இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது, நிறுத்திய அடுத்த கணம் கல்லாகக் கீழே போய்விடும். பாறை, முள்மரம், பழைய வலைத் துண்டு எதில் வேண்டுமானாலும் மாட்டும். நான் கட்டிய வகைகளில் அதிகம் தொலைந்தது இதுதான், ஒரு நாள் காலையில் மட்டும் நாலு. கட்டுவதற்குச் செலவு குறைவு என்று தோன்றும், மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் இதுதான் அதிகச் செலவு. ஈயம் என்றால் தொலைந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வழி 4: பெரிய பிளேடு, இலகுவான குண்டு

நான் முதன்முதலில் நரம்பை இழந்தது இந்த வகையில்தான், இருந்தாலும் இதை ஒதுக்கிவிடாதீர்கள். 4-ஆம் எண் பிளேடு, அட்டவணையில் உள்ளதைவிடத் தெரிந்தே குறைத்து 5 அல்லது 6 கிராம் குண்டு. 26 மி.மீ. நீளம் வேண்டும், எடை குறைவாக வேண்டும் என்பதால் 6 மி.மீ. பித்தளையோடு ஒன்றிரண்டு கண்ணாடி மணி சேர்த்துக் கோக்கலாம்.

விடியற்காலையில், தண்ணீருக்கு அடியில் அரையடி ஆழத்தில் பாசி நிறைந்திருக்கும் குளத்தில், பாசியின் தலையை உரசாமல் மெதுவாகக் கொண்டுவர இதைவிட நல்ல ஸ்பின்னர் கிடையாது. கலங்கிய தண்ணீரிலும் அப்படித்தான், மீனுக்குக் கண் தெரியாவிட்டாலும் பெரிய பிளேடின் துடிப்பை உடம்பால் உணர்ந்து தேடி வரும்.

ஆனால் ஸ்விவல் (முறுக்கு நரம்புக்குப் போகாமல் தனியே சுழலும் இணைப்பு) இல்லாமல் இதைக் கட்டவே கட்டாதீர்கள். பால்பேரிங் வைத்த நல்ல ஸ்விவல் விலை அதிகம்தான், அதை ஸ்பின்னருக்கு ஒன்றரை அடி முன்னால் போடுங்கள். அதோடு கம்பியின் முன் காதுக்குச் சற்றுப் பின்னால் நோஸ் பிளையரால் லேசாக ஒரு வளைவு கொடுங்கள். காற்றுக்கு எதிராக வீசினால் பிளேடு பட்டம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும், தூரம் போகாது.

5-ஆம் எண் பிளேடோடு 12 கிராம் குண்டு போடும் பெரிய ஸ்பின்னரைத் தனி வழியாகச் சொல்லவில்லை. பெரிய வாளையும் பெரிய கொடுவாவும் இருக்கும் இடம் உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் கட்டினால் போதும், ஒரு மணி நேரம் வீசினாலே கை வலிக்கும்.

ஈயமா, பித்தளையா

ஈயம் வலைக் கடையில் கிடைக்கும், மலிவு, 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வீட்டிலேயே வார்க்கலாம். அதே அளவில் பித்தளையைவிட மூன்றில் ஒரு பங்கு எடை கூடுதல். வசதி என்று பார்த்தால் ஈயம்தான்.

இருந்தாலும் நான் இரண்டு வருஷமாகப் பித்தளைக்கு மாறிவிட்டேன். சமையலறையில் ஈயம் உருக்குவது குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்கிற வேலை இல்லை. தூளும் புகையும் எங்கே படிகிறது என்று நமக்குத் தெரியாது, கையைக் கழுவாமல் சாப்பிட்டால் நேராக உடம்புக்குள் போகும். இன்னொன்று பறவைகள். தண்ணீரில் தொலைந்த சின்ன ஈயக்குண்டை நீர்ப்பறவைகள் செரிமானத்துக்காக விழுங்கும் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கிவிடும், அது போதும் சாவதற்கு. பிரிட்டனில் அன்னப்பறவைகள் இப்படிச் செத்ததால்தான் 1987-இல் தூண்டிலுக்கான சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். நம் ஏரிகளில் வாத்தும் நாரையும் இறங்கும் இடத்தில்தான் நாமும் வீசுகிறோம்.

பித்தளையில் சிரமம் துளை போடுவதில். கம்பு வாங்கி லேத் பட்டறையில் கொடுத்தால் துண்டு போட்டுத் துளைத்துத் தருவார்கள், ஆனால் 22 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. துளை கேட்டால் டிரில் பிட் உடைகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 1.5 மி.மீ. கேளுங்கள், கம்பிக்கு அது போதும். ஒரே தடவையில் ஐம்பது துண்டு கொடுத்தால்தான் கூலி கட்டுப்படியாகும், நண்பர்களோடு சேர்ந்து கொடுக்கலாம். லேத் வேண்டாம் என்றால் நகை செய்யும் சாமான் கடையில் கெட்டிப் பித்தளை மணி வாங்கிக் கோத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும், உள்ளே பொள்ளலான மணியும் அதே மாதிரிதான் இருக்கும், எடை பாதிகூட வராது.

கம்பி விஷயத்தில் ஒன்றே ஒன்று: கட்டுக்கம்பி வேண்டாம். துருப்பிடிக்கும், வளையும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பிதான்.

தொட்டியில் ஒரு சோதனை

கட்டியதும் ஏரிக்குப் போகாதீர்கள். பம்பு செட் தொட்டி மாதிரி ஏழெட்டு அடி நீளமுள்ள தண்ணீர் போதும். ஒரு குச்சியில் இரண்டடி தங்கூஸ் கட்டி, அதில் ஸ்பின்னரை மாட்டி, குண்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு மேலே தெரியும்படி இறக்கி, மெல்ல நடக்கும் வேகத்தில் இழுங்கள்.

குனிந்து பாருங்கள். பிளேடு முதலில் குண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டே அரையடி வரும். அப்புறம் அதன் நுனி லேசாக நடுங்கும், ஒரு கணத்தில் விலகிக்கொண்டு சுழல ஆரம்பிக்கும், குச்சி வழியாக அந்தத் துடிப்பு விரலுக்கு வரும். இரண்டடிக்குள் இது நடந்தால் சரி. தொட்டி முடியும் வரை ஒட்டியே வந்தால் குண்டு கனம் அதிகம், அல்லது பிளேடைப் பிடிக்கும் சின்ன வளையம் பின்னால் இருக்கும் மணியில் இறுகியிருக்கிறது. மணியை மாற்றுவது எளிது என்பதால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பிளேடின் துளை ஓரத்தில் பிசிறு இருந்தாலும் இப்படித்தான் ஆகும், சின்ன அரத்தால் நாலு தேய் தேய்த்தால் போய்விடும்.

சிவப்புப் பொட்டு சுற்ற ஆரம்பித்தால் முறுக்கு வருகிறது என்று அர்த்தம். இறகு கட்டுங்கள், கம்பியில் வளைவு கொடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பிளேடை ஒரு எண் குறையுங்கள். பொட்டு லேசாக இப்படியும் அப்படியும் ஆடினால் பரவாயில்லை.

ஸ்பூனை வெட்டி பிளேடு செய்கிறவர்களுக்கும் இந்தச் சோதனைதான் பதில் சொல்லும். சாப்பிடும் ஸ்பூன் பெரும்பாலும் தடிமன் அதிகம், மெதுவான இழுப்பில் எழுந்திருக்காது. அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பித்தளைத் தகட்டை வெட்டி, மரக்கட்டையில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் குழியாகத் தட்டினால் நன்றாக ஓடும்.

விராலுக்கு வீசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீருக்கு மேலே புரண்டுகொண்டிருந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அங்கே எந்த ஸ்பின்னரை இழுத்தாலும் பாய்ந்து அடிக்கும். அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் மிச்சம் வைக்காது. அந்த இடத்தை விட்டு நகர்ந்து வீசுங்கள்.

அந்தத் தம்பியின் டப்பாவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது 3-ஆம் எண் பிளேடு இரண்டு, என் பையிலிருந்து 6 மி.மீ. பித்தளைத் துண்டு ஒன்று, 7 மி.மீ. துண்டு ஒன்று. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டையும் கட்டினோம். மதகு ஓரத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது, பொட்டு வைக்க நகப்பூச்சு இல்லை, அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்தார். 5 கிராம் கட்டு முதல் இழுப்பிலேயே எழுந்துகொண்டது. 7 கிராம் கட்டில் பிளேடு திக்கியது, மணியை மாற்றியதும் அதுவும் ஓடியது.